யமஹா எஸ்ஜி 2000: அந்தக் கார்வை எங்கிருந்து வருகிறது?

தந்திமீட்டி

எல்லாருக்கும் வணக்கம். யமஹா எஸ்ஜி 2000 எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 70களின் கடைசியில் செய்தது, செர்ரி சன்பர்ஸ்ட். ஜப்பானில் வேலை பார்க்கும் மைத்துனர் ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுவந்தார். கேஸைத் தூக்கிப் பார்த்த அம்மா, "உள்ளே அம்மிக்கல்லா வைத்திருக்கிறான்?" என்று கேட்டார். 4 கிலோவுக்கு மேல் இருக்கிறது.

ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட் கிட்டார் வாசித்தே பழகிய கை எனக்கு. இதில் ஒரு சுரத்தை அடித்துவிட்டு விரலை எடுக்காமல் வைத்திருந்தால் கார்வை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஆம்ப் போடாமல் மடியில் வைத்து வாசித்தாலும் அப்படித்தான். ஆனால் ஸ்ட்ராட்டில் வருகிற அந்தப் பளிச்சென்ற மேல்சத்தம் இதில் வரவே மாட்டேன் என்கிறது. நடுப்பகுதி தடித்து நிற்கிறது. சத்தத்தை உடைக்கும் டிஸ்டார்ஷனில், பல சுரங்களைச் சேர்த்துப் பெரிய கார்ட் அடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடுகிறது.

காரணம் கேட்டால் ஆளுக்கொரு பதில். பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் பித்தளைத் தகடுதான் எல்லாம் என்கிறார் ஒருவர். விரல் வைத்து வாசிக்கும் நெக் (கழுத்து) பாடிக்குள்ளேயே கடைசிவரை ஓடுவதால்தான் என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், "அந்தக் காலத்து மரம் தம்பி, இப்போது கிடைக்காது" என்று முடித்துவிடுகிறார். போதாததற்கு, விற்கிற ஆட்கள் எல்லாப் பழைய ஜப்பான் கிட்டாரையும் "லாசூட் கிட்டார்" (வழக்கில் சிக்கிய கிட்டார்) என்று போட்டு விலையை ஏற்றுகிறார்கள். இதில் எது நிஜம்?

நள்ளிரவு ஆம்ப்

வாழ்த்துகள். முதலில் அந்த லாசூட் கதையை முடித்துவிடலாம், அது சின்ன விஷயம்.

1977-ல் கிப்ஸனின் தாய்க் கம்பெனி நார்லின், கிப்ஸனைப் போலவே செய்த ஜப்பானின் இபானெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் கம்பெனிமேல் ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வழக்கு முக்கியமாக நெக்கின் நுனியில் இருக்கும் ஹெட்ஸ்டாக் வடிவம் பற்றியது. அடுத்த வருடமே வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள். இதில் வேடிக்கை, வழக்கு வருவதற்கு முன்பே இபானெஸ் ஹெட்ஸ்டாக்கை மாற்ற ஆரம்பித்துவிட்டது. கிரெகோ, டோகாய், பர்னி என்ற மற்ற ஜப்பான் கிட்டார்கள் யார்மேலும் அந்த வழக்கு கிடையாது. எஸ்ஜி 2000 யாருடைய நகலும் இல்லை என்பதால் அதற்கு அந்தப் பெயர் ஒட்டவே ஒட்டாது. விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் விற்பவருக்குப் பொருள் தெரியாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது நன்றாகத் தெரியும் என்று.

ஹமாமட்சுவாசி

பெயரில் இருப்பதுபோல ஹமாமட்சுவில் இருந்துதான் எழுதுகிறேன். எனக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை, இசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாத்தியக் கம்பெனி நிற்கும். யமஹா, கவாய், டோகாய் எல்லாம் இங்கேதான். அதனால் கொஞ்சம் பின்கதை சொல்கிறேன். மரவேலையைப் பற்றிப் பேசுவதற்கு அது தேவைப்படும்.

1887-ல் டொரகுசு யமஹா என்பவர் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் பழுதான ரீட் ஆர்கனைச் சரிசெய்யப் போனார். உள்ளே பார்த்துவிட்டு, இதை நாமே செய்யலாமே என்று செய்தார். 1897-ல் கம்பெனி ஆனது. ஆர்கன், பியானோ. 1920களில் விமானங்களுக்கு மரத்தில் ப்ரொபெல்லர். மரத்தை அடுக்கடுக்காக ஒட்டி, வளைவாகச் செதுக்கி, துல்லியமாகச் சமன்படுத்தும் வேலை அது. பிறகு உலோக ப்ரொபெல்லர், 1955-ல் மோட்டார் சைக்கிள். எஸ்ஜி 2000 என்கிற பொருள் எந்த மாதிரிக் கைகளில் இருந்து வந்தது என்று இதை வைத்து யோசித்துப் பாருங்கள். அமெரிக்கக் கிட்டார் கம்பெனிகள் கிட்டார் செய்யத் தெரிந்தவர்கள். இவர்கள் மரத்தையும் உலோகத்தையும் வைத்து எதையும் செய்யத் தெரிந்தவர்கள்.

1965-ல் அமெரிக்காவின் வென்ச்சர்ஸ் குழுவின் ஜப்பான் சுற்றுப்பயணத்தோடு இங்கே எலெக்ட்ரிக் கிட்டார் பைத்தியம் பிடித்தது. டெய்ஸ்கோ, குயடோன் என்று வண்டி வண்டியாகச் செய்து ஏற்றுமதி செய்தார்கள். அதில் பாதி மரச்சாமான் தரம்தான், மறைக்க வேண்டாம். 1967-ல் டெய்ஸ்கோவை கவாய் எடுத்துக்கொண்டது. யமஹாவும் 1966-லேயே எஸ்ஜி என்ற பெயரில் கோணல்மாணலான ஒரு வடிவத்தை விற்றது. இன்றைக்கும் அதைத் தேடி அலைகிற சர்ஃப் இசைப் பைத்தியங்கள் உண்டு. நீங்கள் வைத்திருக்கும் இரட்டைக் கொம்பு வடிவம் 70களில் வந்தது.

அந்தப் புது வடிவத்தில் முன்னதாக வந்தது எஸ்ஜி 175. அதை கிட்டார் கலைஞர் கார்லோஸ் சாண்டானாவுக்குக் கொடுத்தார்கள். போதி மரத்தடியில் புத்தர் இருப்பதுபோல முத்துச்சிப்பி பதித்த அந்த கிட்டாரைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வாசித்துப் பார்த்தவர் இன்னும் கனம் வேண்டும், இன்னும் கார்வை வேண்டும் என்றார். அதற்கான பதில்தான் 1976-ல் வந்த எஸ்ஜி 2000. நெக் பாடிக்குள் முழுக்க ஓடுகிறது, இரு பக்கமும் மஹாகனி, மேலே செதுக்கிய மேப்பிள், கருங்காலி ஃப்ரெட்போர்ட், பிரிட்ஜுக்குக் கீழே பித்தளை. ஜப்பானில் விலை 2 லட்சம் யென். அன்றைய மாற்று விகிதத்தில் 650 டாலருக்கு மேல். மலிவான ஜப்பான் கிட்டார் என்று யாரும் அதைச் சொல்ல முடியாது.

தந்திமீட்டி

பின்கதைக்கு நன்றி. மாடல் எண்ணும் (2000) விலையும் (2 லட்சம்) ஒன்றுபோல இருக்கிறதே, தற்செயலா?

ஹமாமட்சுவாசி

இல்லை, அந்தக் காலத்தில் இங்கே அது வழக்கம். கிரெகோ இஜி 500 என்றால் 50,000 யென், டோகாய் எல்எஸ் 80 என்றால் 80,000. பழைய கிட்டார் வாங்கும்போது இது பெரிய உதவி. எந்தப் படிநிலைக் கிட்டார் என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது.

மரக்கட்டை நாத்திகன்

வரலாறு நன்றாக இருக்கிறது, ஆனால் கேள்விக்குப் பதில் இல்லை. தந்திமீட்டி கேட்டது சத்தம் ஏன் இப்படி இருக்கிறது என்று.

எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்தின் சத்தத்தை, கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப் கேட்பதில்லை. கம்பி அசைவதை மட்டும்தான் அது பார்க்கும். பளிச்சென்ற மேல்சத்தம் ஏன் இல்லை? பிக்கப்பின் சுருள், கேபிளின் கொள்திறன் இரண்டும் சேர்ந்து ஓர் அலைவரிசையில் மேடு கட்டும், அதற்கு மேலே சத்தம் சரிந்துவிடும். உங்கள் எஸ்ஜியில் இருப்பது போன்ற இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் ஒன்றின் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் அளவு) 4 ஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் கேபிள் சுமார் 500 பிக்கோஃபாரட். கணக்குப் போட்டால் மேடு 3.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் விழும். அதே கேபிளை 10 மீட்டர் ஆக்கினால் 2.5-க்கு இறங்கிவிடும். ஸ்ட்ராட்டின் ஒற்றைச் சுருளுக்கு இண்டக்டன்ஸ் குறைவு, அதனால் மேடு இன்னும் மேலே போகும். உங்கள் "பளிச்சென்ற மேல்சத்தம்" அங்கேதான் இருக்கிறது. இதில் மஹாகனிக்கும் மேப்பிளுக்கும் வேலை இல்லை.

கார்வைக்கு வருவோம். சாண்டானா மேடையில் ஒரு சுரத்தை நிமிடக்கணக்கில் பிடித்து நிற்பது பித்தளையால் இல்லை. பின்னால் ஒரு மெசா பூகி ஆம்ப் அலறிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கரில் இருந்து வரும் காற்று கம்பியைத் திரும்ப உதைக்கிறது. எந்த இடத்தில் நின்றால் எந்தச் சுரம் பிடித்துக்கொள்ளும் என்று மேடையில் இடம் பார்த்து நிற்பவர் அவர். வீட்டில் 5 வாட் ஆம்பில் அதைத் தேடினால் கிடைக்காது.

சால்டர்புகை

நாத்திகன் சார் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் வருகிறேன். சென்னையில் கிட்டார், கீபோர்டு, ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறேன். எஸ்ஜி 2000 என் மேஜைக்கு வந்திருக்கிறது. அதனால் கையால் தொட்டதைச் சொல்கிறேன்.

கிட்டாரைக் குப்புறப் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு பட்டை, மேப்பிளும் மஹாகனியும் நீளவாக்கில் ஒட்டியது, ஹெட்ஸ்டாக்கில் தொடங்கி ஸ்ட்ராப் மாட்டும் கடைசி பட்டன் வரை ஒரே ஓட்டமாக ஓடும். இரண்டு பக்கமும் மஹாகனி இறக்கைகள். ஒட்டின கோட்டில் நகத்தை ஓட்டினால் ஒன்றும் தட்டுப்படாது. 40 வருடத்துக்கு மேல் ஆன கிட்டார், கப்பலில் வந்தது, கடலோர ஊரில் இருக்கிறது, அப்போதும் கோடு உப்பவில்லை. என் தொழிலில் இதுதான் என்னை நிற்க வைக்கும் விஷயம். பதிப்பு வேலையின் (இன்லே) பளபளப்பை யார் வேண்டுமானாலும் போடலாம். ஒட்டின இடம் அசையாமல் இருக்க வேண்டும் என்றால் ஒட்டுவதற்கு முன்பே மரம் ஒழுங்காகக் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு முகமும் இடைவெளி இல்லாமல் சீவப்பட்டிருக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், இரண்டுக்கும் காசு வேண்டும். பியானோ செய்கிற கம்பெனியிடம் காய்ந்த மரம் இருக்கும், காய வைக்கிற பழக்கமும் இருக்கும்.

அப்புறம் நெக் பாடியோடு சேரும் இடம். கிப்ஸனின் லெஸ் பால் கிட்டாரில் 17-வது ஃப்ரெட்டை, அதாவது நெக்கின் குறுக்கே பதித்த 17-வது உலோகக் கோட்டைத் தாண்டினால் உள்ளங்கை ஒரு கட்டையில் போய் முட்டும். இதில் சீராக இறங்கிவிடும். 22-வது ஃப்ரெட் வரை கட்டைவிரல் நெக்கின் பின்னாலேயே இருக்கும். இரண்டு கொம்பும் உள்ளே வெட்டியிருப்பது சும்மா அழகுக்கு இல்லை.

இப்போது பித்தளை. அதைச் சுலபமாகக் கழற்றி வைத்துவிட்டு, முன்னே எப்படி பின்னே எப்படி என்று கேட்டுப் பார்க்க முடியாது. அதனால் யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். ஆனால் தத்துவம் சரி. கம்பியின் சக்தி எங்கே போகிறது? ஒரு பங்கு பிரிட்ஜ் வழியாக மரத்துக்குள் இறங்கி வீணாகிறது. பிரிட்ஜ் கனமாகவும் அசையாமலும் இருந்தால், அந்தச் சக்தி திரும்பிக் கம்பிக்கே வருகிறது. அவ்வளவுதான். பிக்கப் கம்பியை மட்டும்தான் பார்க்கிறது என்று நாத்திகன் சார் சொன்னாரே, அதே வாதம்தான் இங்கே எனக்கு உதவுகிறது. கம்பி எவ்வளவு நேரம் அசைய வேண்டும் என்பதை மரமும் பித்தளையும் தீர்மானிக்கின்றன.

மரக்கட்டை நாத்திகன்

கார்வை விஷயத்தில் ஏற்கிறேன். "பித்தளையால் சத்தத்துக்குப் பொன் நிறம் வந்தது" என்று எழுதுகிற ஆட்களைத்தான் தாங்க முடியவில்லை.

சால்டர்புகை

அந்த ஆட்களை நானும் தாங்குவதில்லை, ரிப்பேர் காசு மட்டும் வாங்கிக்கொள்வேன்.

ஆனால் பிரிட்ஜைவிட நெக் பெரிய விஷயம். கிட்டாரில் அதிகம் ஆடுகிற பகுதி நெக்தான். சில கிட்டார்களில் ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போகும், ஜி கம்பியில் 5-ல் இருந்து 7-வது ஃப்ரெட்டுக்குள் அடிக்கடி நடக்கும். நெக்கின் சொந்த அதிர்வும் அந்தச் சுரத்தின் அதிர்வும் ஒத்துப்போய், நெக் கம்பியின் சக்தியைக் குடித்துவிடுகிறது. சோதிப்பது சுலபம். ஹெட்ஸ்டாக்கின் நுனியை மர பீரோவில் நன்றாக அழுத்திக்கொண்டு அதே சுரத்தை மறுபடி மீட்டுங்கள். செத்த சுரம் உயிர் பெறும், இல்லை வேறு இடத்துக்கு நகரும். மேப்பிள் வைத்து ஒட்டி, பாடி முழுக்க ஓடும் நெக் விறைப்பாக இருக்கும், இப்படி ஆடுவது குறைவு. தந்திமீட்டி, உங்கள் கிட்டாரிலும் ஸ்ட்ராட்டிலும் இதைச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஈழத்துக்கம்பி

வணக்கம், டொராண்டோவில் இருந்து. என்னிடம் எஸ்ஜி 1000 இருக்கு. அது பாடியோடு ஒட்டின நெக், 2000-தான் பாடிக்குள் ஓடுகிற நெக். நண்பர் ஒருத்தரின் 2000-ஐ என்னுடையதோடு பக்கத்தில் வைத்து, ஒரே ஆம்பில், ஒரே கேபிளில் வாசித்துப் பார்த்திருக்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எது என்று உறுதியாகச் சொல்ல எங்களால் முடியேல்லை. மேல் ஃப்ரெட்டுகளில் கை போகிற சுகம் 2000-இல் கொஞ்சம் அதிகம். காசு மிச்சம் பிடிக்க நினைக்கிற ஆட்கள் 1000-ஐப் பாருங்கோ.

மற்றது, எஸ்ஜி என்றால் சாண்டானா மட்டும்தான் என்று இந்த இழை போகுது. கிட்டார் கலைஞர் ஜான் மெக்காக்கை எல்லாரும் மறந்துபோனீங்கள். மேகஸின் குழு, பிறகு சூக்ஸி அண்ட் த பான்ஷீஸ் குழு. அவரின் கை எஸ்ஜி 1000-இல்தான். தடித்த நடுப்பகுதி என்று தந்திமீட்டி தம்பி குறை சொல்லுற அதே கிட்டாரில், ஃப்ளாஞ்சர் எஃபெக்ட் போட்டு, ஆர்பெஜியோவாகப் பிரித்து வாசித்து, ஊசி மாதிரிச் சத்தம் எடுத்தவர். பிக் கண்ட்ரி குழுவின் ஸ்டூவர்ட் ஆடம்சனும் யமஹா எஸ்ஜி ஆள். ஜப்பானில் தகநாகா மசயோஷி நீல நிற எஸ்ஜியோடுதான் நிற்பார், அவரின் சத்தம் வெயிலடிச்ச கடற்கரை. கிட்டார் ஒன்று, வந்த சத்தங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

நள்ளிரவு ஆம்ப்

இது நல்ல பாயிண்ட் அண்ணா. கார்ட் குழம்புகிறது என்றால் முதலில் ஆம்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயினைப் பாதியாக்க வேண்டும். ஸ்ட்ராட்டுக்கு வைத்த செட்டிங்கை அப்படியே ஹம்பக்கருக்கு வைத்தால் குழம்பத்தான் செய்யும்.

குன்னூர் ரோஸ்வுட்

இழைக்குக் கொஞ்சம் வெளியே, மன்னிக்கவும். எஸ்ஜி 2000-ல் கருங்காலி, சரி. ஆனால் 70களின் மற்ற ஜப்பான் கிட்டார்கள் பலவற்றில் ஃப்ரெட்போர்ட் இந்திய ரோஸ்வுட். எங்கள் பக்கம் ஈட்டி என்போம், தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, வயநாடு, ஆனைமலைப் பக்கத்து மரம். 60களின் கடைசியில் பிரேசில் தன் ரோஸ்வுட்டை உருட்டுக்கட்டையாக வெளியே விடாமல் நிறுத்திய பிறகு, கிட்டார் உலகம் முழுக்க நம் மரத்தின் பக்கம் திரும்பியது. மார்ட்டின் கம்பெனி 1969-ல் மாறியது. "பிரேசில் ரோஸ்வுட் போட்ட டோகாய்" என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் ஆதாரம் கேளுங்கள். பெரும்பாலும் அது நம்ம ஊர் ஈட்டிதான், அதில் ஒரு குறையும் இல்லை.

சாயங்கால ப்ளூஸ்

எனக்கு ஒரு டோகாய் லெஸ் பால் வகைக் கிட்டார் வாங்க ஆசை. ரோஸ்வுட் இருந்தால் கஸ்டம்ஸில் பிரச்சினை வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

குன்னூர் ரோஸ்வுட்

2017 ஜனவரியில் ரோஸ்வுட் குடும்பமான டால்பெர்ஜியாவின் எல்லா இனங்களும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் வந்தன. அப்போது பெரிய குழப்பம் நடந்தது நிஜம். 2019 நவம்பர் கடைசியில் இருந்து, செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு உண்டு. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு கிடையாது, அது 1992-லிருந்தே கடுமையான பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், தெரியாமல் "பிரேசில்" என்று எழுதிக்கொடுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். பெருமைக்கு எழுதிய ஒரு சொல் பார்சலை நிறுத்திவிடும்.

ஹமாமட்சுவாசி

சாயங்கால ப்ளூஸ், டோகாய் பார்க்கிறீர்கள் என்றால் கிரெகோவையும் பாருங்கள். அந்தக் காலத்து கிரெகோ பெரும்பாலும் மலைப்பக்கம், நாகானோ மாகாணத்து மட்ஸுமோட்டோவில், ஃபுஜிகென் தொழிற்சாலையில் செய்தவை. இபானெஸும் அங்கேதான். 1960-ல் கிளாசிக்கல் கிட்டாரோடு தொடங்கிய இடம் அது. கிரெகோவில் 1979-ல் வந்த சூப்பர் ரியல் வரிசைதான் ஆட்கள் தேடுவது. பிக்கப் மேக்ஸான் கம்பெனியுடையது. டியூப் ஸ்க்ரீமர் பெடலைச் செய்த அதே கம்பெனி.

சீரியல் எண் படிப்பது எளிது. முதலில் ஓர் ஆங்கில எழுத்து, ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பிப்ரவரி, இப்படி எல் வரை. அடுத்த இரண்டு இலக்கம் வருடம். ஏழாவது எழுத்தான ஜி-யும் 79-ம் இருந்தால் 1979 ஜூலை. அந்தக் காலத்து இபானெஸுக்கும் இதே கணக்குதான். டோகாயில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம். யமஹாவுக்கு இந்தக் கணக்குகள் பொருந்தாது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கே பழைய பொருள் விற்கும் கடைகளில் "ஜங்க்" என்று ஒரு மூலை இருக்கும். சத்தம் வராதது, பாகம் இல்லாதது எல்லாம் அங்கே கிடக்கும், வாங்கினால் திருப்பித் தர முடியாது. சில சமயம் வெறும் ஜாக் ஒயர் விட்டுப்போனதற்காக நல்ல கிட்டாரை அங்கே போட்டுவிடுவார்கள். டோக்கியோவின் ஒச்சனோமிசு தெருக் கடைகளில் அந்த அதிர்ஷ்டத்தை எதிர்பார்க்காதீர்கள், அவர்களுக்கு எல்லாம் தெரியும்.

மரக்கட்டை நாத்திகன்

ஒரு கேள்வி, யாரும் நேராகப் பேசவில்லை. ஜப்பான் ஆட்கள் அவ்வளவு நன்றாகச் செய்தார்களா, இல்லை அந்த நேரத்தில் அமெரிக்க ஆட்கள் அவ்வளவு மோசமாகச் செய்தார்களா?

சால்டர்புகை

இரண்டும்தான். ஃபெண்டர் 1965-லிருந்து 1985 வரை சிபிஎஸ் என்ற ஒலிபரப்புக் கம்பெனியின் கையில் இருந்தது. 70களின் ஸ்ட்ராட்டில் நெக்கை மூன்றே திருகில் நிறுத்தினார்கள். அது தளர்ந்து நெக் பக்கவாட்டில் நகர்ந்து, மெல்லிய இ கம்பி ஃப்ரெட் ஓரத்தில் நழுவும் கிட்டார்களை நானே சரிசெய்திருக்கிறேன். கிப்ஸன் நார்லின் காலத்தில் பாடியை அடுக்குகளாக ஒட்டினார்கள். மூன்று துண்டு நெக் போட்டார்கள், அது ஒன்றும் தப்பில்லை, ஆனால் மெருகு வேலையில் அவசரம் தெரியும். 1982-ல் ஃபெண்டரே ஜப்பானுக்குப் போய், ஃபெண்டர் ஜப்பான் என்று தொடங்கி, ஃபுஜிகென்னிடம் தன் பழைய மாடல்களைச் செய்யச் சொன்னது. ஜேவி என்று சீரியல் தொடங்கும் கிட்டார்கள் அவை. எதிராளியிடமே வேலை கொடுப்பதைவிட வேறு என்ன சான்றிதழ் வேண்டும்?

ஆனால் எல்லா ஜப்பான் கிட்டாரும் நல்லது என்று சொல்ல மாட்டேன். 70களின் தொடக்கத்து நகல்களில் பல ஒட்டுப்பலகை. லெஸ் பால் வடிவம், ஆனால் திருகு போட்ட நெக். பிக்கப் மூடி பெரிசு, உள்ளே சின்ன ஒற்றைச் சுருள். அதையும் இன்று விண்டேஜ் என்று விற்கிறார்கள். வருடத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாறுவீர்கள்.

எனக்கு எஸ்ஜி 2000 பிடிப்பதற்குக் காரணம் வேறு. அன்றைக்கு மற்றவர்கள் 1959-ம் வருட லெஸ் பாலை எவ்வளவு துல்லியமாக நகலெடுக்கலாம் என்று போட்டி போட்டார்கள். அதில் பெரிய திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. யமஹா மட்டும் வாசிப்பவர் ஒருவரைக் கூப்பிட்டு, உனக்கு எது போதவில்லை என்று கேட்டு, அதற்குப் பதிலாக ஒரு கிட்டார் செய்தது. நகலில் ஒரு குறை இருந்தால் அசலின் குறை என்று தப்பிக்கலாம். இதில் எடை கூடிப்போனது என்றால் அது அவர்கள் பொறுப்பு. மேடையில் ஒரு முழுக் கச்சேரி நின்று வாசித்தவரின் முதுகு அதைச் சொல்லும்.

தந்திமீட்டி

சோதனை முடிவுகள் வந்துவிட்டன.

பீரோ சோதனை: ஸ்ட்ராட்டில் ஜி கம்பி, 6-வது ஃப்ரெட்டில் ஒரு செத்த சுரம் இருந்தது, பீரோவில் அழுத்தியதும் தெளிவாக நீண்டது. இத்தனை காலம் அதைக் கம்பியின் கோளாறு என்றுதான் நினைத்திருந்தேன். எஸ்ஜியில் அதே இடத்தில் அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பீரோவுக்குள் இருந்த பாத்திரங்கள் அதிர்ந்ததில் வீட்டில் ஒரு சின்ன விசாரணை நடந்தது, அது தனிக் கதை.

கேபிள்: நீளக் கேபிளை எடுத்துவிட்டுக் குட்டிக் கேபிள் போட்டதும் மேல்சத்தம் கொஞ்சம் திறந்துகொண்டது. ஸ்ட்ராட் ஆகவில்லை, ஆனால் மூடி வைத்த உணர்வு போய்விட்டது. நாத்திகன் சாருக்கு ஒரு கும்பிடு. கெயினைப் பாதியாக்கி, நெக் பிக்கப்பின் வால்யூமை 7-ல் வைத்து ஈழத்துக்கம்பி அண்ணா சொன்ன மாதிரி ஆர்பெஜியோ வாசித்தேன். இது வேறு கிட்டார்!

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, பிரிட்ஜ் பிக்கப் டோன் நாப் திருப்பினால் கரகரக்கிறது. நாப்புக்கு உள்ளே இருக்கும் பாட்டைப் புதிதாகப் போட்டு, அப்படியே இழுத்தால் மாறும் புஷ்-புல் ஸ்விட்ச் வைத்து, ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் வேலை செய்யவிடும் காயில் ஸ்ப்ளிட் செய்துவிடலாமா? பிற்கால எஸ்ஜி 2000 எஸ் மாடலில் அது உண்டாமே. இரண்டு, கம்பித் தடிமன் 9-ல் இருந்து 10-க்குப் போகலாமா?

சால்டர்புகை

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். தாராளமாக 10 போடுங்கள். உங்கள் ஸ்ட்ராட்டின் ஸ்கேல், அதாவது அதிரும் கம்பியின் நீளம், 648 மில்லிமீட்டர், இதனுடையது 629-க்குப் பக்கம். அதே கம்பி, அதே ஸ்ருதி என்றால் இதில் இழுவிசை 6 சதவீதம் குறைவு. அதனால் 9 கொழகொழவென்று இருக்கும், கார்ட் அடிக்கும்போது ஸ்ருதி விலகும். நீங்கள் சொன்ன குழப்பத்தில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும். 10 போட்ட பிறகு நெக் கொஞ்சம் முன்னால் வளையும். உடனே, நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் தண்டைத் திருகாதீர்கள், ஒரு நாள் விட்டு, கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தி நடுவில் இடைவெளி பாருங்கள். விசிட்டிங் கார்டு தடிமன் இருந்தால் போதும். திருக வேண்டி வந்தால் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். இந்த நெக்கில் ஏதாவது ஆனால் கழற்றி வேறு மாட்ட முடியாது என்பதை மட்டும் எப்போதும் நினைவில் வையுங்கள்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சமையலறைச் சுவர், ஏசிக்கு நேர் கீழ், மாடி அறையின் மேற்குச் சுவர் மூன்றும் கூடாது. பூச்சைப் பற்றிக் கவலை வேண்டாம். அக்காலத்து ஜப்பான் கிட்டார்களில் பெரும்பாலும் பாலி (பிளாஸ்டிக் வகை) பூச்சுதான். நைட்ரோ என்கிற பழைய லாக்கர் பூச்சு வேண்டும் என்று தவம் கிடக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், நம் ஊர் வெயிலில் ரப்பர் ஸ்டாண்டில் நிற்க வைத்த நைட்ரோ கிட்டார் எப்படி ஒட்டிக்கொண்டு வரும் என்று என்னிடம் வந்து பாருங்கள்.

நாப் கரகரப்புக்கு பாட் மாற்ற வேண்டாம். தூசிதான். பின்மூடியைத் திறந்து, கான்டாக்ட் கிளீனரை பாட்டின் சின்ன ஓட்டை வழியாக ஒரு சொட்டு அடித்து, நாப்பை இரண்டு பக்கமும் கடைசிவரை நன்றாகத் திருப்புங்கள். போய்விடும்.

காயில் ஸ்ப்ளிட்டுக்கு முதலில் பிக்கப்பில் இருந்து எத்தனை ஒயர் வெளியே வருகிறது என்று பாருங்கள். ஒரே ஒயரும் ஷீல்டும் மட்டும் என்றால், பிக்கப்பையே பிரித்து நடு இணைப்பில் சால்டர் வைக்க வேண்டும். முடி அளவு கம்பி, ஒருமுறை அறுந்தால் அசல் பிக்கப் போச்சு. அந்தச் சத்தம் அவ்வளவு வேண்டும் என்றால் உங்கள் ஸ்ட்ராட் வீட்டில்தானே இருக்கிறது, அதை எடுத்து வாசியுங்கள்.

ஈழத்துக்கம்பி

அதையே நானும் சொல்ல வந்தேன். தம்பி, ஒன்றிலும் கை வைக்காதேங்கோ.

தந்திமீட்டி

சரி, கை வைக்கவில்லை. கிளீனர் வாங்கிவிட்டேன். பிக்கப் உயரம் மட்டும் சரிசெய்யலாமா, அதுவும் தடையா?

சால்டர்புகை

அது செய்யலாம், திரும்பப் பழையபடி வைக்க முடிகிற வேலை. கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தடித்த கம்பிப் பக்கம் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 என்று தொடங்குங்கள். நெக் பிக்கப்பை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கினால் கார்ட் தெளியும். ஸ்க்ரூட்ரைவர் திருகின் தலைக்குச் சரியாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் தங்க முலாம் உரியும். வேலை செய்வதற்கு முன் இப்போதுள்ள உயரத்தை ஒரு தாளில் எழுதி கேஸுக்குள் போட்டு வையுங்கள்.